ஆவியில் வெந்த மண்

அவரைப் பண்ணையில் எல்லோரும் சோப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. பறக்கச் சோம்பல்பட்டு, தரையிலேயே நடந்து, தரையிலேயே முட்டையிட்டு, இனமே ஒழியும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு பறவையின் குஞ்சுகளைக் கூண்டில் வளர்ப்பது அவர் வேலை. கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைக்காமல் ஈகூட உள்ளே போக முடியாது. வீட்டிலும் அதே ஆட்சி. வாழைப்பழத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் உரிப்பார்.

"தோலைத் தூக்கித்தானே எறியப்போறீங்க, அதுக்கு எதுக்குக் குளியல்?" என்பாள் மனைவி.

ஒருநாள் பறவை டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். புல்வெளியில் திரியும் குஞ்சுகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கொடிகட்டிப் பறந்தது. சோப்பின் குஞ்சுகளிடம் அது தலைகாட்டவே இல்லை.

"சண்டையே பார்க்காத உடம்பு. வெளிய விட்டா ஒரு தும்மலுக்குத் தாங்காது. காட்டுப் பறவைங்க புரளுற மண்ணைக் கொண்டுவந்து கூண்டுல கொட்டுங்க. மழைக்கு முன்னாடி ரத்தம் தேறலேன்னா, இதுங்களுக்கு ஆயுசு முழுக்கக் கூண்டுதான்."

சோப்பு கூண்டைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் என்று அவர் பெயர் வைத்திருந்த குஞ்சு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எந்நேரமும் கம்பியோரம் நின்று புல்வெளியையே பார்த்துக்கொண்டிருக்கும். அதை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும்.

மூட்டை மூட்டையாக மண் வந்தது. குஞ்சுகள் ஆனந்தமாகப் புரண்டன. ரத்தப் பரிசோதனை முடிவு மட்டும் அசைந்துகொடுக்கவில்லை.

"சோப்பு, மண்ணை என்ன பண்றீங்க?"

"வழக்கம்போலத்தான் டாக்டர். ஆவி அறையில வேகவச்சு, ஆறவச்சு, சலிச்சு..."

டாக்டரம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அழுக்கையே கழுவியிருக்கீங்க."

"உள்ள எது வந்தாலும் வேகவச்சுத்தான் வரணும்னு போர்டு இருக்கே. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

டாக்டரம்மா எழுந்துபோய் ஆவி அறையைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பச்சை மண் மூட்டையோடு சோப்பு வாசலில் நின்றார். கால் தன்பாட்டுக்கு ஆவி அறைப்பக்கம் போய்த் திரும்பியது. கம்பிக்குப் பின்னால் மேனேஜர். சோப்பு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தொட்டியைத் தாண்டிக் குதித்தார். குப்புற விழுந்தார். மூட்டை அவர் மேலேயே பிரிந்துகொண்டது. குஞ்சுகள் ஓடிவந்து அவர் முதுகிலேயே மண்குளியலை ஆரம்பித்துவிட்டன.

குஞ்சுகளுக்குக் கொஞ்சநாள் பேதி. சோப்புக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ரத்தம் தேறியது.

மழைக்கு முன்பே கூண்டுக் கதவைத் திறந்தார்கள். மேனேஜர் நிதானமாக வெளியே வந்து, சோப்பின் செருப்பில் எச்சமிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்லுக்குள் போய் மறைந்தது. அந்தச் செருப்பைக் கழுவ அவருக்கு மனசு வரவில்லை. அப்படியே வீட்டுக்கு நடந்தார்.

மனைவி வாசலை மறித்தாள். "கழுவிட்டு உள்ள வாங்க."

"இது மேனேஜர் போட்டது."

"முதலாளியே போட்டாலும் கழுவணும்."