எட்டில் நாலு

விஜிலா எல்லாவற்றையும் பொறுத்துப் போவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். திரேஸ்புரத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோவிலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டி, முதலாளியிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவாள்.

பெங்களூர் கம்பெனி ஒன்று, சொந்தமாக நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை என்றது. முதலில் சோதனைக்கு ஒரு வீடியோ முடித்துக் கொடுக்க வேண்டும். அது தேறினால் ஸ்டுடியோவுக்கு ஒரு கும்பிடு.

கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸரைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாட்டைச் சேலை எடுக்கக்கூடப் பட்டதில்லை. கடைக்கு அப்பா பவுலும் தம்பி ரெக்ஸும் கூடவே வந்தார்கள். சீட்டுப் பணம் முழுக்க அவளுடையது. கடைக்கார அண்ணாச்சியோ கேள்வியெல்லாம் ரெக்ஸிடம்தான் கேட்டார். ஒரு கப்பல் வேலை முடிந்து இறங்கி, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தவன் அவன்.

"கேமுக்கு ஆறு கோர் போதும் அண்ணாச்சி. வேகந்தான் முக்கியம்."

"எனக்கு எட்டு வேணும். வீடியோ பின்னால ரெடியாகும்போது நான் வேற வேலையும் பாக்கணும்" என்றாள் விஜிலா.

"அப்ப எட்டையே எடுங்க தம்பி. அக்கா வீடியோ பின்னால ஓடும், நீங்க முன்னால வெளையாடலாம். ரெண்டும் தாங்கும்" என்றார் அண்ணாச்சி.

"கோருன்னா என்னதுளா?" என்று பவுல் கேட்டார்.

"உள்ள இருந்து வேல பாக்குற ஆளு மாதிரிப்பா."

"எட்டு ஆளா? அப்ப நாலு ஒனக்கு, நாலு தம்பிக்கு."

விசைப்படகில் காலமெல்லாம் மீன் பங்கு போட்ட மனிதர். கடலுக்கு வராதவனுக்குப் பங்கு கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். மகன் விஷயத்தில் மட்டும் அது மறந்துபோகும். விஜிலா பணத்தை எண்ணி வைத்தாள். அங்கேயே மறுத்துப் பேசியிருக்க வேண்டும்.

சோதனை வீடியோவை அனுப்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, அதை ஓடவிட்டுவிட்டு அவள் காலைப் பூசைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ரெக்ஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமில் சுட்டுக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அவள் வீடியோவைக் காணோம்.

"கேம் இழுத்துச்சுக்கா. அதான் ஒன்னோடத நிப்பாட்டிட்டேன். மறுபடி போட்டுக்கோ."

மறுபடி போட்டு முடிவதற்குள் கெடு தாண்டிவிட்டது. கெஞ்சி எழுதியதற்கு, வேறு ஆள் எடுத்தாயிற்று என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

பவுல் சோற்றுக்கு உட்காரும்போது மகளைப் பார்த்தார். "எதுக்குளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அவன் நாலுலதான அவன் வெளையாடுனான்? ஒன் நாலு சும்மாதான கெடந்துச்சு?"

நான் குழம்பு கொடுக்கப் போயிருந்தேன், கண்ணால் பார்த்தேன். விஜிலா கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். விசிறியைக் கழற்றி, பசையைத் துடைத்து, பிராசஸரை எடுத்து அப்பாவின் காலித் தட்டில் வைத்தாள். பக்கத்தில் மீன் வெட்டும் கத்தியையும் வைத்தாள்.

"பங்கு போடுங்கப்பா."

பவுல் அந்தச் சின்னச் சதுரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கே வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ரெக்ஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"யப்பா, அடியில இருக்குற பின்னு கம்பிய வளச்சிராதீங்க! ராத்திரி எனக்கு மேட்ச் இருக்கு!"

அவளுக்குப் பெங்களூர் வேலை போனதற்கு அந்த வீட்டில் பதறிய ஒரே பதற்றம் அதுதான்.

விஜிலா அதை எடுத்துக் கம்மல் டப்பாவில் வைத்து மூடினாள். மறுநாள் ஸ்டுடியோவில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முதலாளி தாமதத்துக்கு ஏசினார், கேட்டுக்கொண்டாள். டப்பா இன்றைக்கும் அவள் பைக்குள்தான் இருக்கிறது. அவளுக்கும் பிரயோஜனமில்லை, தம்பிக்கும் பிரயோஜனமில்லை. அவன் தினமும் கேட்கிறானாம். அவளும் தினமும் ஒரே பதிலைச் சொல்கிறாள்.

"எட்டும் என் பங்குதாம்லே."