கடைசிப் பெட்டியின் பித்தளை மூடி

இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை ஒரு முறை குலுக்கிவிட்டுத்தான் இந்திரகுமார் எந்த அறைக்குள்ளும் நுழைவார். கதவு திறந்தே கிடந்தாலும் குலுக்குவார். ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்து ரப்பர் பெக்டரியில் காலை ஏழு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால், கொன்ட்ரோல் அறையில் வேலை செய்யும் தர்மிளா எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால், "ஏம்மா, பெரியவங்க வந்தா எந்திரிக்கணும்னு ஏ.எல். படிப்புல சொல்லித் தரலியா?" என்பார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

பெக்டரியின் எலக்ட்ரீசியன் அவர். அந்த வேலைக்கு அவர் படித்த படிப்பு, கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்த வருஷம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நடந்தது. ஒரே அன்டெனாவிலிருந்து பன்னிரண்டு வீட்டுக் காம்பராவுக்கு வயர் இழுத்து டீவி காட்டினார். பன்னிரண்டிலும் படம் வந்தது உண்மை. பந்து எது, திரையில் பறக்கிற புள்ளி எது என்று மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அன்று தொடங்கிய மிதப்பு இன்னும் இறங்கவில்லை. பெக்டரிக்குப் புது மெஷின்கள் வந்து, அவற்றைக் கோர்க்க ஒரு தடித்த கறுப்புக் கேபிளும் வந்தபோது அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட, இது நம்ம அன்டெனா வயரு! இதுக்கா கொழும்புல இருந்து ஆளு வரணும்?"

கேபிள் பெக்டரியின் நீளத்துக்கும் ஓடுகிறது. ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் அதில் ஒரு டெப் உண்டு. ஓடுகிற செய்தியில் கொஞ்சத்தைப் பிரித்து அந்த மெஷினுக்குக் கொடுக்கிற சின்ன இணைப்பு. ரப்பரை உலர்த்தும் ட்ரையரின் சூட்டைத் தர்மிளா கூட்டுவதும் குறைப்பதும் அந்த வழியாகத்தான். டெப்பில் சும்மா இருக்கும் வாய்களுக்குப் பித்தளை மூடி போட்டிருப்பார்கள். அதிலும் கேபிள் முடிகிற இடத்தில் இருக்கும் மூடிதான் உயிர்நாடி. அது இல்லையென்றால் செய்தி நுனியில் முட்டித் திரும்பி வந்து, எதிரே வரும் செய்தியையும் கெடுத்துவிடும். மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்துத் தர்மிளா இதைத் தெரிந்துகொண்டாள். இந்திரகுமாருக்கும் அந்தப் புத்தகம் பழக்கம்தான். அதன் மேல்தான் தேத்தண்ணிக் கோப்பையை வைப்பார்.

டெப் ஒவ்வொன்றுக்கும் தகரப் பெட்டி அடித்து, பூட்டுப் போட்டு, சாவிகளைத் தன் கொத்தில் சேர்த்துக்கொண்டார். "கண்டவங்க கை பட்டா இது பேசாது" என்பது அவர் சட்டம்.

போன வருஷம், 2004இல், ஆயுத பூசை வந்தது. பெட்டிகளையெல்லாம் திறந்தார். பித்தளை மூடிகளைக் கழற்றிப் பழப்புளி போட்டுத் தேய்த்துத் தாம்பாளத்தில் அடுக்கினார். மூடியில்லாத டெப்களுக்குச் சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்பினார். தர்மிளா ஓடி வந்தாள்.

"அண்ணே, அத கழட்டக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்குங்க."

"நான் வயரு இழுக்கிறப்ப நீ மூக்கு ஒழுகிக்கிட்டு நின்ன புள்ள. சாமி காரியத்துல புத்தகம் பேசாத."

பூசை முடிந்து மூடிகளைத் துடைத்துப் பூட்டினார். கடைசிப் பெட்டியில் மட்டும் போடவில்லை. அது சாமி படத்துக்கு நேர் எதிரே இருந்தது. "சாமி பாத்த எடத்த அடைக்கப்படாது" என்று சொல்லிப் பெட்டியை மட்டும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே கோளாறு தொடங்கியது. திரையில் ட்ரையர் தெரியும், மறையும், தெரியும். சூடு பாதியில் நின்று, ரப்பர் உள்ளே வெள்ளை வெள்ளையாக வேகாமல் வந்தது. மூன்று நாள் இதே கதை. கடைசிப் பெட்டியைத் திறக்கச் சொல்லித் தர்மிளா கேட்டாள், கெஞ்சினாள். இந்திரகுமார் நேரே மேனேஜரிடம் போய், பெண்பிள்ளை தப்பான பொத்தானை அமுக்குகிறாள் என்று நல்ல சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்தார். லயத்துக்கு அவரிடம் வேறு காரணம் இருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நாலு பேர் காதுபட, "வீட்டுக்குத் தூரமா இருக்கிறப்ப பூசை போட்ட மெஷினத் தொட்டிருக்கு. வேறென்ன?" என்றார். ஆளுக்குத் தகுந்த பொய் புனையத் தெரிந்த மனிதருக்கு ஒரு மூடியை மாட்டத் தெரியவில்லை.

தர்மிளாவின் அம்மா கருப்பாயி அன்று பீலியில் வாளியை வைத்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வந்தாள். "அவன் வாயில மண்ணு விழ" என்றாள்.  இருபத்தெட்டு வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள் அவள். அந்த லயத்திலிருந்து பெக்டரியில் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள் மகள். மேனேஜர் விசாரணை வைத்திருந்தார்; அதில் பிழை அவளுடையதென்று முடிவானால், திங்கட்கிழமை முதல் தர்மிளாவும் கத்தியும் வாளியுமாக அம்மாவுக்குப் பின்னால் மலை ஏற வேண்டும். வேலை மாற்றும் கடிதம் அடித்தாகிவிட்டது. கையெழுத்துத்தான் பாக்கி.

விசாரணைக்கு மெஷின் கம்பெனியின் என்ஜினியரும் கொழும்பிலிருந்து வந்திருந்தார். இந்திரகுமார் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி வரவழைத்தார், மின்விசிறியைக்கூட அவர் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு மேனேஜர் தர்மிளாவை விசாரித்தார். தான் அமுக்கிய பொத்தான்கள் எல்லாம் மெஷினிலேயே பதிவாகியிருக்கும், கடைசிப் பெட்டியை மட்டும் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள்.

"அதுல ஒண்ணும் இல்ல சேர், அது சும்மா பெட்டி" என்றார் இந்திரகுமார். எல்லோரும் பெட்டியடிக்குப் போனதும் சாவியைத் தேடினார். கொத்தில் இருக்கிற அத்தனை சாவியையும் போட்டுப் பார்த்தார், எதுவும் திறக்கவில்லை. என்ஜினியர் பொறுமையிழந்து தன் பையிலிருந்த குறட்டால் பூட்டை நெம்பினார்.

மூடி இல்லை. டெப்பின் வாயைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். என்ஜினியர் நகத்தால் அதைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பையிலிருந்து புது மூடி ஒன்றை எடுத்து முடுக்கினார். கொன்ட்ரோல் அறையில் ட்ரையர் திரைக்கு வந்து, அசையாமல் நின்றது. தர்மிளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்திரகுமார் முன்னால் அழுவதில்லை என்று விழுங்கிக்கொண்டாள். மேனேஜர் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

"இத பூசினது யாரு?" என்று கேட்டார்.

"நான் என்னத்தக் கண்டேன் சேர்? லயத்து ஆளுங்க யாராவது செஞ்சிருப்பாங்க. எனக்கு இந்தச் சாமி கீமியிலெல்லாம் நம்பிக்கையே கெடையாது" என்றார் இந்திரகுமார்.

சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து, தன் நெற்றியில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தார்.