குப்புறப் படுத்துக் கேட்ட கொரியப் படக்கதை

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சி இரண்டு டம்ளர் காபி போட்டேன். ஒரு டம்ளரில் வளைகிற ஸ்ட்ரா வைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவி, மனைவியின் வலது கண் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்து, மூன்று சொட்டு மருந்துகளையும் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். மூடியைத் திரும்ப ஒட்டியதும் அவள் குப்புறப் படுத்துக்கொண்டாள். இட்லி மாவு மதியம் வரை போதும். குடிதண்ணீர் கேன் சொல்லியாகிவிட்டது. துணியை மெஷினில் போட்டேன். பிறகு கட்டிலின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனைத் திறந்து, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து கொரியப் படக்கதையை வாசிக்கத் தொடங்கினேன்.

அந்த ஐந்து நாட்களாக எங்கள் மயிலாப்பூர் வீட்டில் காலை இப்படித்தான் போனது. போன புதன்கிழமை, மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய வலது கண்ணின் ஓரத்திலிருந்து இருட்டு ஒரு திரை மாதிரி ஏறி வந்திருக்கிறது. அதற்கு முன்பே சில நாட்களாகக் கண்ணுக்குள் பூச்சி பறப்பது போல இருந்ததாம். தி.நகரில் எங்கள் பட்டுக்கடையில் ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. நான் ஸ்டாக் பிரிவைப் பார்ப்பவன். அந்த மாதம் வீட்டில் தூங்குவதோடு சரி. தள்ளுபடி முடியட்டும் என்று அவள் சொல்லாமல் இருந்துவிட்டாள். விழித்திரை பிரிந்திருக்கிறது என்று அடையாறில் ஒரு கண் மருத்துவமனையில் சொல்லி, வெள்ளிக்கிழமை அறுவை செய்தார்கள். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். குமிழி எப்போதும் மேல்நோக்கித்தான் போகும். முகம் தரையைப் பார்த்திருந்தால் அது விழித்திரையில் போய் முட்டி அதை அழுத்திப் பிடிக்கும். அதனால் ஒரு வாரம் குப்புறப் படுக்க வேண்டும். சாப்பிடவும், மருந்து போடவும், குளியலறைக்குப் போகவும் மட்டும் எழுந்திருக்கலாம்.

அவளுடைய இடது கண் சிறு வயதிலிருந்தே சோம்பல் கண். வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், எழுத்து தெரியாது. படிப்பு, வேலை, பஸ் நம்பர் எல்லாமே அந்த வலது கண்ணை நம்பித்தான் இவ்வளவு காலம் ஓடியது.

குழந்தைகள் நீச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் காற்று வளையம் ஒன்று வாங்கி, கட்டிலின் விளிம்பில் கட்டியிருந்தேன். அதில் நெற்றியையும் கன்னத்தையும் பதித்துப் படுத்தால் மூக்குக்குக் காற்று வரும். பார்ப்பதற்குத் தரையிலுள்ள மொசைக் மட்டும்தான். அதுவும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. முதல் நாள் மாலையே, "பாதியில விட்ட கதைய படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

இந்தக் கதைகளை அவளுக்குச் சிபாரிசு செய்தவள் என் மச்சினி. வடபழனியில் இருக்கிறாள். சினிமாவில் உடையலங்காரத்துக்கு உதவியாளர். ஏதோ ஒரு ராஜா காலத்துப் படத்துக்குக் கவசமும் அங்கியும் தேடப் போய், கொரியப் படக்கதைகளில் மாட்டிக்கொண்டவள். அக்காவுக்கு மூன்று கதைகளைச் சொல்லியிருந்தாள். மூன்றும் போனிலேயே மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் படிப்பவை. ஆங்கிலத்தில் வருகின்றன.

முதலாவதில் ஒரு மலைக்குள் கீழ்நோக்கிக் கட்டிய ஊர். அரசாங்கப் பரீட்சையில் தேறாத ஒருவன் அங்கே விழுந்துவிடுகிறான். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பிரபு, ஒவ்வொருவனும் முந்தியவனைவிடக் கொடியவன். இரண்டாவதில், பிணங்களுக்கு ஒப்பனை செய்யும் ஒரு பெண் செத்தவர்களின் நாட்டில் கண் விழிக்கிறாள். அங்கே யார் எப்படி உடுத்தி வந்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் தீர்ப்பு. மச்சினிக்கு இது பிடித்ததில் ஆச்சரியமில்லை. மூன்றாவதைப் பற்றி, "தனியா இருக்கும்போது மட்டும் படிக்காதக்கா" என்று சொல்லியிருந்தாளாம். ராத்திரி பஸ் ஓட்டும் ஒரு பெண், ஆற்றுப் பாலத்தில் பனிமூட்டத்துக்குள் போகிறாள். பாலம் முடியும் இடம் சூரியனே இல்லாத வேறொரு நாடு. பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டி வர வேண்டும். வழியில் ஒவ்வொரு ஊர் வாசலிலும் சுங்கம் உண்டு. ஒருத்தரிடம் குரலைக் கேட்பார்கள், ஒருத்தரிடம் ஊர்ப் பெயரின் ஞாபகத்தைக் கேட்பார்கள்.

மூன்றிலும் நம் உலகத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஆள்தான் அந்த உலகத்தில் போய் மாட்டிக்கொள்கிறார். இதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை மனைவியிடம் கேட்டேன். "அங்க யாரும் காப்பாத்த வரமாட்டாங்க. அவங்களேதான் நடந்து வெளிய வரணும். அது பிடிச்சிருக்கு" என்றாள்.

அவள் பாதியில் விட்டிருந்தது இந்த மூன்றாவது கதை. முதலில் நான் படத்திலுள்ள பேச்சுக் குமிழிகளை மட்டும் தமிழாக்கிச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "படத்தைச் சொல்லாம பேச்ச மட்டும் சொன்னா எப்படிங்க?" என்றாள். எனக்குத் தெரிந்த முறையில் படத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்டாக்கில் புதுப் புடவை வந்தால் உடல், கரை, முந்தி என்று பிரித்துத்தான் நிறம் பதிவோம். "உடம்பு முழுக்க மை நீலம். கீழ போகப்போக நாவப்பழம். வலது பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு அரக்கு. நடுவுல பஸ், வெங்காயத்தோல் கலர்." அவள் வளையத்துக்குள்ளிருந்தே, "முந்தி எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். ஆனால் புரிந்துகொண்டாள். என்னுடன் இருபத்தாறு வருடமாக இருப்பவளுக்கு நாவப்பழத்துக்கும் கத்திரிப்பூவுக்கும் வித்தியாசம் சொல்லித் தர வேண்டியதில்லை. "தங்கச்சி சொன்ன அளவுக்கு ஒண்ணும் பயமாயில்லையே" என்று மட்டும் ஓரிரு முறை சொன்னாள்.

அன்று பதினொரு மணிக்கு மச்சினி வந்தாள். கையில் சாம்பார், கூட்டு, ரசம் எல்லாம் டப்பாக்களில். ஷூட்டிங் இல்லாத நாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, நான் வாசிப்பதைக் கேட்டாள். இரண்டாவது ஊர் வாசலுக்கு பஸ் வந்துவிட்டது. அந்த நாட்டு ராணி வாசலில் நிற்கிறாள். வானம் மை நீலம், ராணியின் அங்கி அரக்குப் பட்டு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா, நிறுத்துங்க. அது என்னா மை நீலம்?"

"வானம்."

"எங்க நீலம்? போனக் குடுங்க. கறுப்பு மாமா. வானம் கறுப்பு, ஆத்துத் தண்ணி கறுப்பு, எல்லாம் கன்னங்கரேல்னு கெடக்கு. அந்த ராணிக்கு அரக்குப் பட்டா? காஞ்சுபோன ரத்தம் அது! முகூர்த்தத்துக்கா கெளம்பிட்டா அவ?"

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் அவள கல்யாணப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன். பாவம், யாரோ புடிச்சு வச்சிருக்காங்கன்னு."

"புடிச்சு வச்சிருக்கறதே அவதான்க்கா!"

"சிரிக்காத, தலை ஆடுது" என்று நான் அதட்டினேன்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஐந்து நாளில் ஒரு தடவைகூட நான் கறுப்பு என்று சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. எங்கள் கடையில் அந்தச் சொல்லுக்கு இடம் கிடையாது. பட்டு எடுக்க வருபவர்கள் கல்யாணத்துக்கு எடுக்க வருகிறார்கள், அவர்கள் காதில் அது விழக் கூடாது என்பது முதலாளி அண்ணாச்சி காலத்து விதி. எவ்வளவு கறுப்பான கரையாக இருந்தாலும் மை நீலம், இல்லாவிட்டால் நாவப்பழம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நாக்கில் ஏறியது, இறங்கவே இல்லை. அதை அவர்களிடம் விளக்கினேன்.

"அது மட்டுமா?" என்றாள் மச்சினி. "இல்லைன்னும் சொல்லமாட்டாங்கக்கா. ஒரு படத்துக்காக இவங்க கடையில பச்சைக் கட்டம் போட்ட புடவைக்கு எவ்ளோ அலைஞ்சேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் 'வருதும்மா, வருதும்மா.' கடைசியில பாத்தா அதை நெய்யறதையே விட்டுட்டாங்களாம். மாமாவே சொன்னாரு, வருதுன்னு!"

உண்மைதான். கடையில் இல்லை என்ற சொல்லும் கிடையாது. தீர்ந்துபோனது, இனி வராதது எல்லாவற்றுக்கும் 'வருது' என்ற ஒரே பதில்தான்.

நானும் மச்சினியும் சிரித்தோம். மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் உங்களத் தனியா வெளிய கூப்ட்டு என்ன சொன்னாரு?"

"அன்னைக்கே சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"பார்வை வரும்னு."

"வரும்னு சொல்லல. 'வருது, கவலைப்படாத'ன்னு சொன்னீங்க. அது டாக்டர் சொன்னதா, கடையில சொல்றதா?"

மச்சினி டப்பாக்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகப் பார்த்தாள். "நீ இரு" என்றாள் மனைவி.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். விழித்திரையின் நடுப்பகுதியும் பிரிந்து தூக்கிக்கொண்டிருந்தது. சில நாள் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது ஒட்ட வைத்திருக்கிறார். அது ஒட்டி நிற்க வேண்டும். நின்றாலும், எழுத்துப் படிக்கிற அளவுக்குப் பார்வை திரும்புமா என்று அவரால் இப்போது சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கே சில மாதங்கள் ஆகும். மறுபடி பிரிந்தால் இன்னொரு அறுவை. இவ்வளவையும் அவர் வராந்தாவில் என்னிடம் சொன்னார். நான் உள்ளே போய், வருது என்றேன்.

"பிரியறதுக்கு நான் ஏதாவது செஞ்சா காரணமாகுமா?" என்று அவள் கேட்டாள்.

"குப்புறப் படுக்காம இருந்தா ஆகலாம்."

"நேத்து நீங்க மருந்துக் கடைக்குப் போனப்ப மல்லாந்து படுத்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"தெரியல. கழுத்து வலி உயிர் போச்சு. அசந்துட்டேன். நீங்க கதவத் தொறக்கற சத்தம் கேட்டுதான் திரும்பினேன். எப்படியும் வந்துடும்னு சொல்லிட்டீங்களேன்னு நெனச்சேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. என் பக்கம் திரும்பவும் முடியாது. நான் எழுந்து, அறுவைக்குப் பிறகு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்த எண்ணைத் தேடினேன். மச்சினி என் கையிலிருந்து போனை வாங்கி, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, வளையத்துக்கு நேர் கீழே மொசைக் தரையில் வைத்தாள். "நீயே கேளுக்கா."

பேசியது ஒரு பெண் டாக்டர். மனைவி நடந்ததைச் சொன்னாள். மல்லாந்து படுத்ததை மறைக்கவில்லை, எவ்வளவு நேரம் என்று தெரியாததையும் சொன்னாள். வலி கூடியிருக்கிறதா, புதிதாக இருட்டு ஏதாவது ஏறுகிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் குப்புறவே இருங்கள், நாளைக் காலை முதல் ஆளாக வந்துவிடுங்கள், பார்த்துவிடலாம், அதற்குள் ஏதாவது மாறினால் உடனே வாருங்கள் என்றார். மனைவி நன்றி சொன்னாள்.

சாப்பிட்டோம். அவளுக்கு மட்டும் கிண்ணத்தில் பிசைந்து கையில் கொடுத்தேன். குனிந்தபடியே சாப்பிட்டாள். மச்சினி கிளம்பவில்லை. "நான் மருந்துக் கடைக்குப் போறேன், நீங்க வீட்ட விட்டு நகராதீங்க" என்று என்னிடம் சொன்னாள். கழுத்துக்குப் போடச் சின்னத் தலையணை ஒன்றும் வாங்கி வந்தாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

மூன்று மணிக்கு மனைவி, "மூணாவது கதைய மொதல்லேர்ந்து சொல்லுங்க. இருக்கற கலர்ல" என்றாள்.

பஸ் பாலத்தில் ஏறும் இடத்திலிருந்து தொடங்கினேன். கறுப்பு என்று சொல்வதற்கு முதலில் நாக்கு வரவில்லை, பிறகு பழகியது. ஒரே கறுப்பு இல்லை என்பதும் தெரிந்தது. தார் மாதிரி ஒன்று, அடுப்பில் காய்ந்த சட்டியின் அடி மாதிரி ஒன்று, நனைந்த எள் மாதிரி ஒன்று. இந்தக் கதைகளில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு விழும்போது படமே இருக்காது. கட்டைவிரலால் தள்ளத் தள்ளக் கறுப்பாகவே வந்துகொண்டிருக்கும். முன்பு அதையெல்லாம் நான் சொல்லாமல் தாண்டிவிட்டேன். இப்போது "கறுப்பு, இன்னும் கறுப்பு" என்று சொல்ல ஆரம்பித்ததும் மச்சினி, "மாமா, எண்ணாதீங்க. வாய மூடிட்டுத் தள்ளுங்க. படம் வந்ததும் பேசுங்க" என்றாள். அப்படியே செய்தேன். போனை மனைவியின் முகத்துக்குக் கீழே பிடித்திருந்தேன். வெளிச்சம் போய்விட்டது என்பது மட்டும் அவளுடைய இடது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ராணி வந்த இடத்தில், "காஞ்ச ரத்தம்" என்றேன்.

"ம். இப்பத்தான் பயமாயிருக்கு. மேல சொல்லுங்க."

ஆறு மணிக்கு மச்சினி பஸ்ஸுக்குப் போனாள். அடையாறு போக ஆட்டோ சொல்லிவைத்தேன். மருந்துச் சீட்டு, அறுவைக் காகிதங்கள், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்தேன். கழுத்துத் தலையணை நன்றாக இருக்கிறது என்று மனைவி சொன்னாள்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக அடையாறு போனோம். ஆட்டோவில் அவள் முன்சீட்டுக் கம்பியில் நெற்றி வைத்துக் குனிந்தே வந்தாள். அறுவை செய்த டாக்டர் கருவியில் வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து, வராந்தாப் பக்கம் தலையசைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. "அவகிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் முகத்தின் உயரத்துக்குக் குனிந்தார். "ஒட்டித்தாம்மா இருக்கு. படிக்க வருமான்னு எனக்கு இன்னும் தெரியாது."

"சரி" என்றாள் அவள். "குப்புற எத்தனை நாள் இன்னும்?"