ஒரே பெட்டி, இரண்டு ரிமோட்

கட்டுகஸ்தோட்டை வீட்டில் எங்களுக்கு மூன்று டீவி, ஆனால் டிஷ் பெட்டி ஒன்றுதான். அது அண்ணியின் அறையில் இருந்தது. அவர் வைக்கும் சேனல்தான் மூன்றிலும் ஓடும். மேட்ச் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துச் சீரியலுக்கு மாற்றிவிடுவார்.

பழிவாங்காமல் விடுவதில்லை என்று கண்டி டவுனில் அதே மாதிரி ரிமோட் ஒன்று வாங்கினேன். சீரியலில் யாராவது அழத் தொடங்கியதும் அவர் அறை ஜன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்று அமுக்கிச் சேனலை மாற்றுவேன். அண்ணி தவிக்கத் தவிக்க என் நெஞ்சு குளிர்ந்தது. ஒரு வாரம் விடவில்லை.

இறுதிப் போட்டியன்று மூன்று டீவியும் இருண்டு கிடந்தன.

"பெட்டியில சேனல் தானாவே மாறுது தம்பி. நீங்க மேட்ச் பாக்கணுமேன்னு காலையிலயே ரிப்பேருக்குக் குடுத்துட்டேன். நாளைக்குத்தான் தருவாங்களாம்" என்றார் அண்ணி.

அது அக்கறையா, பழியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், ரிமோட்டைப் பற்றி நான்தான் முதலில் சொல்ல வேண்டிவரும்.