கண்ணாத்தாளுக்கு நான் எழுதிக் கொடுத்த ஐந்து ஏக்கர்

யார் யார் என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், யார் ஏழை, யார் பரம ஏழை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பதிவது என் வேலை. வேலை என்று பெருமையாகச் சொல்கிறேன், ஐந்து மாத ஒப்பந்தம்தான். புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பட்டுக்கோட்டையிலிருந்து வலங்கைமான் பக்கம் வந்து அறை எடுத்துத் தங்கி, மற்றவர்களின் வேலையில்லாத் திண்டாட்டத்தை டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் படிவத்தில் ரிஃப்கா என்கிற என்னை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்குத் தொல்லை, அதைவிடக் கண்ணாத்தாள் அக்காவுக்குப் பெரிய தொல்லை.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. கணவர் துரைராசு இறந்து ஐந்து வருடமாகிறது. மகன் வளவன் பாலிடெக்னிக் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் என்னைப் போலவே ஒப்பந்தத்தில் இருக்கிறான். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு வீடு முடிக்க வேண்டும் என்பது எங்கள் மேற்பார்வையாளர் ராம்கியின் உத்தரவு. அன்று அவர் வீடு பதினேழாவது. ஆவணி வெயிலில் எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா ஓரிடத்தில் நின்றால்தானே கேட்பதற்கு? முதல் கேள்விக்கு ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்குக் குடத்தோடு குழாயடிக்குப் போய்விட்டார். நானும் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"உங்களோட முக்கியத் தொழில் என்னக்கா?"

"எந்த மாசத்துல கேக்குற?"

படிவத்தில் மாதமெல்லாம் இல்லை. ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு தொழில். அக்கா விரலை மடக்காமல் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். புரட்டாசி ஐப்பசியில் நடவு, அப்புறம் களை. அறுப்புக்கு மிஷின் வந்துவிட்டது, அதனால் தையில் நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றுவதும் சாக்கு தைப்பதும். மாசி பங்குனியில் உளுந்து பிடுங்கல், கோடையில் பருத்தி எடுப்பு, முகூர்த்த மாதங்களில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுதல், நடுவில் கிடைத்தால் நூறு நாள் வேலை, அதுவும் இல்லாவிட்டால் செங்கல் சூளை.

"எந்த வேலையும் இல்லாத மாசம்?"

"அப்ப வேல தேடி அலையறேன்ல? அது வேல இல்லியா?"

'விவசாயம்' என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"நிலம் எதுவும் இருக்காக்கா?"

"நம்ம வயலு பதினஞ்சு மா. வாய்க்காலுக்கு அந்தாண்ட. குறுவை பரவால்ல, தப்பிச்சுக்கும். சம்பாவுக்குத்தான் பயமா இருக்கு. தண்ணி இன்னும் ஏறல, போதாக்குறைக்கு எலி வேற. வரப்பெல்லாம் ஓட்ட."

முகத்தில் கவலை. பதினைந்து மாவுக்குச் சொந்தக்காரி படுகிற கவலை அது என்று நினைத்தேன். மூன்று மா ஒரு ஏக்கர் என்பதை வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன். 'சொந்த நிலம்: ஐந்து ஏக்கர்' என்று பதிந்தேன். பக்கத்திலேயே அந்த வீட்டின் கூரையில் ஏதோ ஒரு கட்சி மாநாட்டின் ஃப்ளெக்ஸ் பேனர் கிடந்தது. ஐந்து ஏக்கர்க்காரி ஏன் ஃப்ளெக்ஸுக்கு அடியில் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதினெட்டாவது வீடுதான் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் கணக்கை வைத்து எடுத்த பட்டியல். அதில் பெயர் இருந்தால் அரசு செலவில் கான்கிரீட் வீடு. கண்ணாத்தாள் பெயர் நீக்கப்பட்டவர்கள் பகுதியில் இருந்தது. அன்று மத்தியானம் எனக்கு போன் வந்தது.

"ஏம்மா ரிஃப்கா, எனக்கு அஞ்சு ஏக்கர் எழுதிக் குடுத்திருக்கியாமே. பத்திரம் எப்பப் பதியலாம், சொல்லு, குளிச்சுட்டு வந்துர்றேன்."

நான் உடனே என் பக்கத்தைத்தான் பேசினேன். "நீங்கதானக்கா நம்ம வயல்னு சொன்னீங்க?"

"நம்ம வயலுதான். முப்பது வருசமா நான்தான் நடுறேன், எங்க மாமனாரு உழுத வயலு. அதுக்காக அது எனக்குச் சொந்தமாயிருமா? பஞ்சநதம் ஐயாவோட நெலம். இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்ச?"

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் 'நம்ம தோப்பு' என்று ஒருவர் சொன்னால் அது அவர் தோப்பு. தேங்காய் பறிக்க வருகிறவர் அப்படிச் சொன்னால் தோப்புக்காரர் சண்டைக்கு வருவார். இங்கே வேலைக்குப் போகிற வயலெல்லாம் நம்ம வயல். எனக்கு அவமானமாக இருந்தது. ராம்கியிடம் சொன்னேன். "சிஸ்டம் லாக் ஆயிடுச்சு. நிலமில்லைன்னு வி.ஏ.ஓ.கிட்ட சர்டிபிகேட் வாங்கி, காந்தி ஜெயந்தி கிராம சபையில தீர்மானம் போட்டாத்தான் மாத்த முடியும். மாறலைன்னா அது உங்க மிஸ்டேக் கணக்குல ஏறும், ரினியூவல் கஷ்டம்," என்றார். அவசரம் இப்போது எனக்கும் சேர்ந்துகொண்டது.

அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். சீர்காழிக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். கம்ப்யூட்டரில் தேடினார். துரைராசு பெயரில் ஒன்றுமில்லை. மாமனார் பெயரைக் கேட்டார்.

"வீரையன்," என்றார் அக்கா.

அலுவலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீரையனோட தகப்பனார் பேரு?"

"சின்னையன்."

"அப்ப இருக்கேம்மா. வாய்க்காலுக்கு அந்தாண்ட, பதினஞ்சு மா. பட்டா வீரையன் பேர்ல."

"வேற வீரையனா இருக்குங்க."

"இந்த ஊர்ல சின்னையன் மவன் வீரையன் எத்தனை பேரும்மா?"

அவர் எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில், கைவசம் உள்ளது போய்விடக் கூடாது என்று, தங்களிடம் வேலை செய்த ஆட்களின் பெயரில் நிலத்தை எழுதி வைத்தவர்கள் உண்டு. பஞ்சநதத்தின் அப்பா அப்படி வீரையன் பெயரில் எழுதியிருக்கிறார். வீரையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலத்தை அனுபவித்ததும் தீர்வை கட்டியதும் அந்த வீட்டார்தான், ஆனால் ரசீதெல்லாம் வீரையன் பெயரில். மாற்றி எழுத வாரிசு கையெழுத்து வேண்டும், அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

"பினாமி," என்றார் அலுவலர், அந்தச் சொல்லை மட்டும் மெதுவாக. "கேஸ் போட்டா ஜெயிக்குமா, தெரியாது. பத்து வருஷம்கூட இழுக்கும். ஆனா நெலமில்லைன்னு நான் சர்டிபிகேட் தர முடியாதும்மா. 'அந்த நெலத்துல எனக்கோ என் வாரிசுக்கோ உரிமை இல்லை'ன்னு நீங்களே எழுதிக் குடுத்து கிராம சபை ஏத்துக்கிட்டா, வீடு வந்துரும். யோசிச்சுக்கங்க."

கண்ணாத்தாள் அக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் இருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

யார் சொல்லிச் செய்தி போனதோ, மறுநாள் காலை நான் அக்கா வீட்டு வாசலில் இருந்தபோதே பஞ்சநதம் வந்துவிட்டார். எழுபது வயது, டி.வி.எஸ். வண்டி, வெள்ளை வேட்டி. கத்தவில்லை, மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நன்றாகத் திட்டியிருப்பேன்.

"கண்ணாத்தா, உனக்கு நான் என்னிக்காவது கெடுதல் நெனச்சிருக்கேனா? ஒரு கையெழுத்து போடு. சபையில நானே எந்திரிச்சு உனக்காகப் பேசறேன். ஒனக்கு வீடு, எனக்கு நிம்மதி. கோர்ட்டுக்குப் போனா ரெண்டு பேருக்கும் ரெண்டுமே இல்ல."

"சரிங்கய்யா," என்றார் அக்கா. அந்த 'சரிங்க' சம்மதமா, வெறும் பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

சபைக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் நடவு, அதுவும் அதே பதினைந்து மாவில். அக்காவின் வரிசை எப்போதும் நூல் பிடித்தது போல இருக்குமாம். அந்த வாரம் கோணல் மாணலாகப் போனது, கூட நட்ட பெண்கள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு வரப்பில் நடந்துகொண்டே இருப்பாராம். மகனுக்குப் போன் போட்டார். "வீட்ட வாங்கும்மா. கேசுக்கு நாள் நாளா லீவு போட்டா என்னைய வேலையவிட்டு எடுத்துருவாங்க," என்றான் வளவன். அவன் சொன்னதில் தப்பில்லை. அக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் அதையே கேட்டார்.

என்னையும் கேட்டார். "நீ சொல்லு. படிச்ச பொண்ணு."

"வீடுதான்க்கா. கையில கிடைக்கறத விடாதீங்க," என்றேன். இன்னொரு மழைக்கும் அந்த ஃப்ளெக்ஸுக்கு அடியில் அவர் நனையக் கூடாது என்று நினைத்தது உண்மை. என் ஒப்பந்தம் போய்விடக் கூடாது என்று நினைத்ததும் அதே அளவு உண்மை. இரண்டில் எது என்னைப் பேச வைத்தது என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கத் துணியவில்லை. மனுவை என் கையெழுத்தில் அழகாக எழுதினேன். அக்கா ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார்.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூடத்தில் கிராம சபை. வழக்கமாக முப்பது பேர் வருகிற கூட்டத்துக்கு அன்று வராண்டா கொள்ளாத கூட்டம். செய்தி பரவியிருந்தது. ராம்கியும் வந்து, தீர்மானம் கையில் கிடைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பத் தயாராக நின்றார். முன்வரிசை நாற்காலியில் பஞ்சநதம். அக்கா நிற்கிறவர்களோடு நின்றார், கால் மாற்றிக் கால் மாற்றி.

ஊராட்சித் தலைவர் மனுவை உரக்கப் படித்தார். "மேற்படி நிலத்தில் எனக்கோ எனது வாரிசுக்கோ எவ்வித உரிமையும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்." நிமிர்ந்து பார்த்தார். "சரிதானம்மா? தீர்மானம் எழுதிடலாமா?"

"ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு கண்ணாத்தா," என்றார் பஞ்சநதம், பெரிய மனதோடு.

"எங்க மாமனாருக்கு இது தெரியுமாங்க?"

"எது?"

"நெலம் அவரு பேர்ல இருக்குன்னு."

பஞ்சநதம் கண்ணாடியைக் கழற்றினார். "அது எங்கப்பா காலத்துச் சமாசாரம். வையின்னா கைநாட்டு வெச்சிருப்பாரு. எதுக்குன்னு கேக்கற பழக்கம் அப்ப ஏது?"

"உங்களுக்குத் தெரியுமில்லிங்க?"

அவர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.

"எங்க மாமனாரு செத்தது ஐப்பசி அடமழையில," என்றார் அக்கா. குரல் உயரவில்லை, ஆனால் வராண்டாவின் கடைசிவரை கேட்டது. "சுடுகாட்டுக்கு அந்த வரப்புலதான் வழி. நானும் எம்புருசனும் உங்க வாசல்ல வந்து நின்னோம். நட்ட பயிரு மிதிபடும், சுத்திப் போங்கன்னீங்க. நாங்களும் சரின்னுட்டு வாய்க்கால்ல எறங்கிட்டோம். இடுப்பளவு தண்ணி. பாடை ஒரு பக்கமா சாஞ்சு அவரு மூஞ்சியில தண்ணி ஏறிச்சு. எம்புருசன் ஒரு கையால பாடயத் தாங்கிக்கிட்டு, இன்னொரு கையால அப்பா மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே வந்தாரு. அவரு வயலு. அவரு பொணந்தான் சுத்திப் போச்சு."

பஞ்சநதம் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் காயிதத்தக் குடுங்கய்யா," என்றார் அக்கா தலைவரிடம்.

"யோசிச்சுக்கம்மா. இந்த வருஷம் விட்டா வீடு திரும்ப எப்ப வருமோ."

"குடுங்கய்யா."

ராம்கி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினார். மேசைக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். தலைவர் கையிலிருந்து மனுவை வாங்கி அக்காவிடம் கொடுத்தேன்.