கப்பல் அறையின் இரண்டாவது கட்டில்

நாற்பத்தாறு வயதில், தனியாக ஒரு சுற்றுலாக் கப்பலில் போவது என்று முடிவு செய்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. காலையில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனிலிருந்து பெர்ரிப் படகில் அக்கரைக்குப் போவேன். மாலையில் அதே பெர்ரியில் திரும்புவேன். இருபத்து மூன்று வருடம் இப்படியே போனது. தொண்ணூறுகளில் அந்த வெள்ளைக் கப்பல்கள் பினாங்குத் துறைக்கு வர ஆரம்பித்தன. எட்டு மாடிக் கட்டடம் தண்ணீரில் நிற்பதுபோல் இருக்கும். மாலை பெர்ரி அதன் பக்கமாகக் கடக்கும்போது மேல்தளத்தில் கையில் கிளாஸோடு சாய்ந்து நிற்பவர்கள் எங்களைக் குனிந்து பார்ப்பார்கள். வேலை முடிந்த வியர்வையோடு நாங்கள் அண்ணாந்து அவர்களைப் பார்ப்போம். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எப்போதும் அண்ணாந்து பார்க்கிற பக்கத்திலேயே நான் ஏன் நிற்க வேண்டும்?

எனக்குத் திருமணம் ஆகவில்லை. மூன்று பேர் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு பேருக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஒருவரை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒருவரைத்தான் அண்ணன் கடைசிவரை மறக்கவில்லை. அப்பா இறந்த பிறகு அண்ணன் வீட்டின் பின்னறைதான் என் இடம். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் நான் வாசல் தாண்டினால் எங்கே, யாரோடு, எப்போது என்று மூன்று கேள்வி கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

டிக்கெட் ஏஜென்சியில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "தனியாவா அக்கா? எல்லாமே ரெண்டு கட்டில் ரூம்தான். தனியா போனா ரெண்டு ஆள் டிக்கெட் எடுக்கணும்லா. கூட யாராச்சும் பொம்பளை ஆளு இல்லையா?"

இல்லை. என் வயதுப் பெண்களுக்கெல்லாம் மகள் பரீட்சை, மாமியார் ஆஸ்பத்திரி. அவள் ஒரு துண்டுத்தாளில் ஒரு இணைய முகவரியை எழுதிக் கொடுத்தாள். அந்தக் கப்பலில் போகிறவர்கள் முன்கூட்டியே அங்கே எழுதிப் பேசிக்கொள்கிறார்களாம். "பாதி ரூமுக்கு ஆள் தேடறவங்க இருப்பாங்க. சும்மா பாருங்களேன்."

சூலியா தெருவில் முதுகுப்பை வெள்ளைக்காரர்களுக்காகத் திறந்திருந்த ஒரு இண்டர்நெட் கடைக்குப் போனேன். புடவையோடு நான் உள்ளே நுழைந்ததும் கடைக்காரச் சீனர், யாரையாவது தேடி வந்தேனா என்று மலாயில் கேட்டார். ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றேன். மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடினேன். ஆனால் விசைப்பலகையில் பத்து விரலும் வைத்தபிறகு, பக்கத்தில் இரண்டு விரலால் குத்திக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பக்கத்தில் கப்பல் புறப்படும் நாளைக் கண்டுபிடித்தால், அதே நாளில் போகிறவர்கள் எழுதியிருப்பதையெல்லாம் படிக்கலாம். எங்கள் கப்பலுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே ஏழு தடவை போனவர். யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் அவருடையதுதான். நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: "பினாங்கில் ஏறுகிறேன். தனியாக. பாதி அறைக்கு ஆள் தேவை." அலுவலகக் கடிதங்களில் போடுவதுபோல் கீழே முதலெழுத்துகளை மட்டும் போட்டேன்.

மறுநாள் மாலை போய்ப் பார்த்தேன். ஏழு தடவைக்காரர் எழுதியிருந்தார்: "நீங்கள் பெண்ணாக இருந்தால் தனியாக வராமலிருப்பது நல்லது. தனியாக வரும் பெண்களைச் சாப்பாட்டு அறையில் சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்து மூலை மேசையில் போடுவார்கள்."

உடனே பதில் அடித்தேன்: "தனியாக வருகிறவர்களை அங்கே போட்டால், மேசையை நகர்த்திக்கொள்வோம்."

அதற்குக் கீழே ஒரு மணி நேரத்துக்குள் இன்னொருவர் வந்தார். "நகர்த்த நான் கை கொடுக்கிறேன். எண்பது கிலோ நோயாளிகளைத் தனியாகப் புரட்டிப் போட்ட கை. தைப்பிங். ஓய்வுபெற்ற நர்ஸ். எனக்கும் பாதி அறைதான் வேண்டும்." அதிலும் கீழே முதலெழுத்துகள் மட்டும்தான்.

இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. அதன்பிறகு பொதுப் பக்கத்தை விட்டுவிட்டுத் தனியாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டோம். இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள். குறட்டை விடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று எழுதினேன். முப்பது வருடம் வார்டில் தூங்கிய எனக்கு அது தாலாட்டு என்று பதில் வந்தது. துணை இறந்து நான்கு வருடம், வீட்டில் எல்லோரும் தன்னைப் பழைய நாற்காலிபோல் சுவரோரம் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை எழுதியிருந்தது. பெண் பார்க்க வந்த அந்த மூன்று பேரைப் பற்றி நான் எழுதினேன். மூன்றாமவரை ஏன் பிடிக்கவில்லை என்று அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. முகம் தெரியாத அந்த ஆளிடம் சொன்னேன். என்னைப் பார்க்க வந்தவர், காப்பி கொண்டுவந்த என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், வீட்டு வாடகை எவ்வளவு என்று அண்ணனிடம் கேட்டார். பதிலுக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது: "தப்பித்தீர்கள்."

அறையைப் பகிர்ந்துகொள்ள இருவரும் சம்மதம் என்று எழுத்தில் வேண்டும் என ஏஜென்சி கேட்டது. ஒரு மின்னஞ்சலை அச்செடுத்து, என் பெயர் எழுதிய உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். மாலை வேலை முடிந்து வந்தபோது அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உறை கிழிந்திருந்தது.

"யாரு இது?"

"என் பேர் போட்ட கவர நீ ஏன் பிரிச்ச?"

"யாருன்னு கேட்டேன்."

"கப்பல்ல என்கூட ரூம் ஷேர் பண்றவங்க."

"ஷேர் பண்றவங்க!" அண்ணன் தாளை விரித்துப் படித்தார். "'ஜன்னல் பக்கத்துக் கட்டில் உங்களுக்கு. நீங்கள் தூங்கிய பிறகுதான் நான் விளக்கை அணைப்பேன்.' பேரு கூட போடல. எவன் இவன்? இந்த வயசுல, முன்ன பின்ன தெரியாதவன்கூட..."

'அண்ணே, அது ஒரு பொம்பளை.' இந்த ஒரு வரியைச் சொன்னால் எல்லாம் முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் அதை விழுங்கினேன்.

பதினேழு வயதில் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து தாமதமாக வந்ததற்கு ஆசிரியையிடம் கடிதம் வாங்கி வந்து காட்டினேன். முப்பது வயதில் ஓவர்டைம் செய்த நாட்களில் அண்ணன் என் மேலாளருக்கே போன் போட்டு விசாரித்தார். மறுநாள் அலுவலகத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் சான்று கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும் அண்ணன் நம்பினார், அடுத்த தடவை மறுபடியும் கேட்டார். நாற்பத்தாறு வயதில் இன்னொரு சான்று கொடுக்க எனக்கு மனமில்லை.

"நான் போறேன் அண்ணே. அவ்ளோதான்லா."

"ஆம்பளையா பொம்பளையா, அத சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். நான்காம் நாள், அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பொம்பளைதானே?"

"ஆம்பளைன்னா என்ன அண்ணி செய்வீங்க?"

அண்ணி ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார். "நான் என்ன செய்யப்போறேன். உங்க அண்ணன்தான் ரெண்டு நாளைக்கு சாப்பிட மாட்டாரு." பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "போய்ட்டு வா."

மறுநாள் காலை பெர்ரியில் அந்தக் கேள்வி என்னையே பிடித்துக்கொண்டது. பெண்தானா? நர்ஸ் என்றதும் பெண் என்று நானே வைத்துக்கொண்டேன். பெரியாஸ்பத்திரியில் ஆண் நர்ஸ்களை நானே பார்த்திருக்கிறேன். துணை இறந்தது என்றுதான் எழுதியிருந்தது, கணவர் என்று இல்லை. எண்பது கிலோவைப் புரட்டிய கை! அச்செடுத்து வைத்திருந்த எல்லாத் தாள்களையும் மதிய இடைவேளையில் புரட்டினேன். ஒரு வரியிலும் விடை இல்லை. வீட்டில் அவ்வளவு வீராப்பாகப் பேசிய நான், முதல் தாளிலிருந்து மறுபடியும் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஆணாக இருந்தால் நான் அந்தக் கப்பலில் ஏறியிருக்க மாட்டேன். ஆனால் அண்ணனிடம் போய் அதை ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

மாலை சூலியா தெருவுக்கு ஓடினேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். பெட்டியைத் திறந்தால், எனக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒன்று கேட்க வேண்டும். தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் ஆணா? என் மகன் உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டு, பெண்போல் எவனோ ஒருவன் கதை விடுகிறான் என்று வீட்டையே இரண்டாக்குகிறான்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "நான் பெண். நீங்கள்?" என்று அடித்தேன். மறுநாள் பதில் வந்தது.

"பஞ்சாபிப் பெண். அறுபத்தொரு வயது. இனி நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் என் மகனிடம் நான் இதைச் சொல்லப்போவதில்லை. அவனை முதன்முதலில் குளிப்பாட்டியவள் நான். என்னை அவன் விசாரணை செய்கிறான். துறைக்கு வந்து தானே பார்த்துக்கொள்ளட்டும்."

"நானும் சொல்லப்போவதில்லை," என்று எழுதினேன்.

கப்பல் புறப்படும் நாள் மதியம், மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அண்ணன் வாயைத் திறந்தார். "கெரேத்தால கொண்டாந்து விடறேன்." காரில் ஏறியதும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். துறையில் கூட்டம் நெரிந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் அண்ணன் காவல்காரர்போல் நின்றார். வருகிற ஒவ்வொரு ஆணையும் மேலும் கீழும் பார்த்தார்.

தலைப்பாகையும் தாடியுமாக, ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என் பெட்டியில் தொங்கிய அட்டையில் முதலெழுத்துகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு மெதுவாக நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணனும் அவரைப் பார்த்தார். அண்ணனின் காது சிவந்தது.

"நீதானா அது?" என்றார் அண்ணன் மலாயில்.

"அதை நான் கேட்கணும்," என்றார் அவர். "இந்த வயசில் வெட்கமா இல்லையா? என் அம்மாவுக்குக் கடிதம் எழுதுறீங்க!"

"அம்மாவா?"

"ஆமா, என் அம்மா! வேறு யார்?"

இருவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். அந்த உயரமான மனிதருக்குப் பின்னாலிருந்து வெள்ளைமுடியும் பச்சைத் துப்பட்டாவுமாக ஒரு அம்மாள் வந்து, மகனை முழங்கையால் ஒதுக்கினார். என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்து பார்த்தார்.

"குறட்டை விடுறது நீங்களா?"

"நான்தான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய, சூடான கை. மகனின் முகத்தை நான் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன். நிம்மதிதான் முதலில் வந்தது, பின்னாலேயே கோபமும்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"பின்ன ஏன் சொல்லல?"

"பொம்பளைன்னு தெரிஞ்சா போகச் சொல்லியிருப்ப. அப்போ நீ என்னை விட்டதா ஆயிருக்கும். இப்போ நான் போறேன்."

அண்ணன் குனிந்து என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். நாங்கள் வரிசையில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அவரும் அந்த மகனும் எதையோ சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்து போய் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுத்தான் பிரிந்தார்கள் என்று அண்ணி பிறகு சொன்னார். எங்கள் இருவரின் பிடிவாதத்தைப் பற்றித்தான் பேச்சாம்.

கப்பல் நகர்ந்தபோது நாங்கள் மேல்தளத்தில் நின்றோம். மாலை பெர்ரி எங்களுக்குக் கீழே கடந்தது. அதில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். இத்தனை வருடத்தில் மேலிருந்து ஒருவர்கூட எங்களுக்குக் கையாட்டியதில்லை. பெர்ரியில் ஒரு பெண் தயங்கித் தயங்கித் திருப்பி ஆட்டினாள்.

சாப்பாட்டு அறையில் எங்களுக்குத் தந்தது அந்த மூலை மேசைதான். ஏழு தடவைக்காரர் சொன்னது பொய்யில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. மேசை தரையோடு திருகப்பட்டிருந்தது, எண்பது கிலோ கையாலும் அதை அசைக்க முடியவில்லை. ஆகவே நாங்கள் எழுந்து, ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடு மேசைக்குப் போனோம். அங்கே சட்டைப் பையில் நான்கு பேனாவோடு ஒல்லியாக உட்கார்ந்திருந்தவர்தான் ஏழு தடவைக்காரர் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. பணியாள் ஓடி வந்து, "மேடம், உங்கள் இடம்..." என்று ஆரம்பித்தான்.

"இதுதான்," என்றார் என் தோழி, நாற்காலியைப் போட்டபடி.

ஏழு தடவைக்காரர் மனைவியின் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். தாய்லாந்தின் புக்கெட் துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்களிடம் உப்பு, மிளகைத் தள்ளிக் கொடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

திரும்பி வந்த மறுமாதம், பட்டர்வொர்த்தில் அலுவலகத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தேன். வீட்டில் சொன்னபோது அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"யார்கூட?"

"யார்கூடவும் இல்ல."

அதை ஜீரணிக்க அவருக்குக் கொஞ்ச காலம் ஆனது. தீபாவளிக்கு அண்ணியோடு வந்தார். அறைகளைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னல் கொக்கி லூசாக இருக்கிறது என்று சொல்லி ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி முடுக்கினார். தோழியும் நானும் அதன்பிறகு இன்னும் இரண்டு தடவை கப்பலில் போனோம். எங்கே, யாரோடு, எப்போது என்று அண்ணன் இன்றைக்கும் கேட்கிறார். சொல்லத் தோன்றினால் சொல்கிறேன். தோன்றாவிட்டால், காப்பி ஆறுகிறது, குடி அண்ணே என்கிறேன்.