தேசதிம்மரி

போன வாரம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனைப் பார்த்தேன். சட்டை முதுகில் தெலுங்கில் பெரிதாக ‘தேசதிம்மரி’ என்று அச்சடித்திருந்தது. ஊர் ஊராகத் திரிகிறவன் என்று அர்த்தம். நம் தமிழில் நாடோடி. பையன் அதைப் பட்டம் போலச் சுமந்துகொண்டு போனான். அவன் பூசியிருந்த செண்டையும் மீறி எனக்குச் சுள்ளிப் புகை வாசனை அடித்தது.

கங்கம்மாவின் புடவையில் எப்போதும் அந்த வாசனைதான். ஊசியும் பாசிமணியும் விற்பாள். நான் அப்போது வரதய்யபாளையத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். என் தெலுங்கைக் கேட்டு நோயாளிகள் வலி மறந்து சிரித்த காலம். அறுவடை முடிந்ததும் அவள் கூட்டம் ஏரிக்கரைப் புளியந்தோப்பில் கூடாரம் போடும்.

“ஏன் இப்படி நாடோடியா அலையறீங்க?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஓடறவன் திரும்பி வருவானா நர்சம்மா? நாங்க வருசா வருசம் வந்துக்கினுதான கீறோம்? எம் பெரிய புள்ள இங்கதான் கீறான்.”

காய்ச்சலில் போன பிள்ளை. தோப்பில் ஒரு மரத்தடியில் புதைத்திருந்தாள்.

பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரிக்கும் பேச்சு வந்தது. டீக்கடையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. எங்கள் பக்கம் ஆந்திராவுக்குப் போயிற்று. அந்த வருஷம் கங்கம்மாவின் கூட்டத்தை ஊர் ஆட்கள் ரோட்டிலேயே மறித்தார்கள். “நீங்க அரவோள்ளு, உங்க தமிழ்நாட்டுக்கே போங்க.” தமிழ்நாட்டுப் பக்கம் ஊத்துக்கோட்டையிலோ, ஆந்திராக்காரர்கள் என்று சொல்லித்தான் அவர்களைத் துரத்தியிருந்தார்கள்.

கிராம முன்சீப்பிடம் ஓடினேன். கெட்ட மனுஷர் இல்லை. நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். “தேசதிம்மரோள்ளகு ஊரேமிட்டம்மா?” என்றார். திரிகிறவர்களுக்கு ஊர் ஏதம்மா என்று. பிள்ளையைப் புதைத்த இடம் என்றேன். தோப்பை வெட்டிக் கழனியாக்கப் போவதாகச் சொன்னார். ‘தேசதிம்மரி’ என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது அவருக்கு.

திரும்பி வந்து சொன்னபோது கங்கம்மா அழவில்லை. ஒருதரம் தோப்புக்குள் போய் வருகிறேன் என்று மறித்தவர்களைக் கெஞ்சினாள். விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மரம் வெட்டறப்போ ஆழமாத் தோண்ட வேணாம்னு சொல்லு, நர்சம்மா.”

சொன்னேன். வெட்ட வந்தவர்கள் நின்று கேட்கக்கூட இல்லை. செங்கல் சூளையில் எரிக்க வேரும் வேண்டுமாம். வேரோடு பறித்துப் போட்டார்கள்.

நான் மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு அறுவடைக்கும் ரோட்டைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. கழனியும் போய், அங்கே இப்போது கம்பி வேலி போட்ட பிளாட்டுகள். எந்த மரத்தடி என்பது கங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.